களத்துமேட்டு மொட்டைமாடி

எங்கள் அடுக்குமாடி வாசலில் 'கோல்டன் டெல்டா ரெசிடென்சி' என்று பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறார்கள். திருவாரூர் பேருந்து நிலையத்தில் எந்த ஆட்டோக்காரரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார். களத்துமேட்டு பில்டிங் என்றால் மறுபேச்சில்லாமல் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பித்தளைக்குச் செலவு செய்தவன் அதில் கொஞ்சத்தை லிப்ட்டுக்குச் செய்திருக்கலாம் என்று நான் சொல்லாத நாளில்லை.

இந்த பில்டிங் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. ஆள் எடுக்கும் கூட்டத்தில் மற்ற எல்லோரும் தலையைக் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒருத்திதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் கமலாம்பாள், சாக்கடை அடைத்தால் கமலாம்பாள், யார் வீட்டு நாய் யார் வீட்டு வாசலில் போனாலும் கமலாம்பாள். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

என் வீட்டுக்காரர் பெயர் துரைராசு. நாற்பது வருடமாகக் கட்சியில் கிளைச் செயலாளர். ஆட்சி மாறும், மந்திரி மாறுவார், இவர் மட்டும் அதே கரை வேட்டியோடு அதே கிளைச் செயலாளர். சர்க்கரை வந்து இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு இரைக்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் வீடு நாலாவது மாடி. கீழே வீடு கிடையாது, தூணும் காரும்தான். ஆக, அவர் உயிர் அந்த லிப்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மனுசனை மனுசன் தூக்கக் கூடாதுன்னு மடத்துப் பல்லக்கை மறிச்சி ஜெயிலுக்குப் போனவன்டி நான். என்னைப் போயி நாலு பேரு தூக்குறதா? செத்த பிறகு தூக்கட்டும்" என்றார். அப்படிப்பட்ட மனுசனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய!

களத்துமேட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இந்த பில்டிங் நிற்கிற இடம் முன்பு ஊருக்குப் பொதுவான களம். தெற்கே இருக்கும் காலனிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்த துண்டு துக்கடா வயலை அறுத்து இங்கேதான் போட்டு அடித்தார்கள், காயவைத்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமில்லை, களமாவது இருந்தது. அக்கம்பக்கத்து நஞ்சையையெல்லாம் வாங்கி மனை போட்ட பில்டர், எந்த ஆபீசில் எந்த மேசையைத் தட்டினானோ தெரியவில்லை, களத்தையும் சேர்த்து வளைத்துவிட்டான். பொக்லைன் வந்து நின்ற அன்று காலனிச் சனம் மொத்தமும் மண்ணில் உட்கார்ந்துவிட்டது. முன்வரிசையில் எல்லையம்மாள். அவளுக்குப் பக்கத்தில் கரை வேட்டியோடு என் வீட்டுக்காரர். கட்சி மேலிடத்திலிருந்து போன் மேல் போன். எழுந்து வரச் சொன்னார்கள். இவர் போனையே அணைத்துவிட்டார்.

கடைசியில் தாசில்தார் முன்னால் சமாதானம். கட்டடம் வரும், தடுக்க முடியாது என்று தெரிந்துபோனது. "அப்ப எங்க களத்தை எங்க வைப்பீங்க?" என்று எல்லையம்மாள் கேட்டாள். பில்டர் கேலியாக, "வேணும்னா மொட்டைமாடில வச்சிக்குங்க" என்றான். இவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அறுப்புக் காலத்தில் மொட்டைமாடி காலனிக்காரர்களின் களம், ஏற்றி இறக்க லிப்ட்டும் அவர்களுக்கு உண்டு என்று எழுதி, பில்டரைக் கையெழுத்துப் போட வைத்துவிட்டுத்தான் எழுந்தார். மாடியில் களம் என்று உலகத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? எங்கள் ஊரில்தான் இந்தக் கூத்து நடக்கும்.

அதோடு விட்டதா? சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகன், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று இதே பில்டிங்கில் வீடு வாங்கினான். வேண்டாம் என்று இவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். பணம் கட்டியாகிவிட்டது. மறுநாளே டீக்கடையில் பேச்சு: "களத்தை வித்துட்டு வீடு வாங்கிட்டான்யா துரைராசு." சொன்னவன் எதிர்க்கட்சிக்காரன்கூட இல்லை, சொந்தக் கட்சிக்காரன். அந்தப் பேச்சு இவரைத் தின்றது போல சர்க்கரைகூடத் தின்னவில்லை. அறுப்புக்கு அறுப்பு அந்த மாடியில் நெல் கொட்டுகிற சத்தம் கேட்டால்தான் இவருக்குச் சோறு இறங்கும்.

பிறகு அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். பில்டர் வைத்த ஜெனரேட்டர் முதல் வருடத்திலேயே மண்டையைப் போட்டது. கரண்ட் இருக்கும்போதே இவரைக் கீழே இறக்கி, கார்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரி முறை வரும்வரை கொசுவுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்தாலும் அதே கதை. ஊசி போட்ட கையைத் தூக்க முடியாமல் துவண்டு கிடக்கிற மனுசன், கரண்ட் எப்போது வரும் என்று அந்த லிப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அழக்கூடத் தெம்பு இருக்காது.

அதனால்தான் சோலார் யோசனையை நான் விடாப்பிடியாகப் பிடித்தேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டாவது மாடி நூர்ஜஹான்தான் முதலில் சரி என்றாள். தியாகேசன் என்று ஊர்ப் பையன் ஒருவன், கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து சோலார் கம்பெனி வைத்திருந்தான். மாடியை அளந்து பார்த்தான். "சோலார் மட்டும் போட்டா மழைக் காலத்துல படுத்துரும் அத்தை. கரண்ட் எடுக்குற காத்தாடி ஒண்ணும் சேர்த்துப் போட்டுருவோம். கடக்கரை பக்கம், காத்துக்கா பஞ்சம்?" என்றான். லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு மூன்றும் பாட்டரியில் ஓடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான்.

மாடியில் களம் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். அதற்கும் தியாகேசன் வழி சொன்னான். இரும்புக் கால் நட்டு, ஆள் உயரத்துக்கு மேலே சோலார் பலகைகளை மாட்டிவிடலாம், கீழே தரை அப்படியே இருக்கும், தாராளமாக நெல் கொட்டலாம். எல்லையம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் அண்ணாந்து பார்த்து, "பந்தல் போட்ட மாதிரி இருக்கும்ல. போடுங்க" என்றாள். எல்லோருக்கும் சந்தோஷம். பாட்டரிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமி கும்பிடாத என் வீட்டுக்காரர் கையாலேயே சுவிட்சைப் போடவைத்தோம்.

போட்டது ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், காத்தாடி சும்மா இருக்குமா? பேய் பிடித்த மாதிரி சுற்றியது. பாட்டரி நிறைந்து வழிந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்காததால் அந்த வருடம் குறுவை இல்லை, மாடிக்கு நெல்லும் வரவில்லை. கரண்ட் போனால் என்ன, என் வீட்டுக்காரர் ராஜா மாதிரி லிப்ட்டில் இறங்கினார், ஏறினார். அந்த ஆறு மாதம்தான் நான் நிம்மதியாகத் தூங்கியது.

நிழல் விழும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். படித்தவனுக்கும் தோன்றவில்லை, உழுதவளுக்கும் தோன்றவில்லை. வயல் ஓரத்தில் ஒரு முருங்கை இருந்தால்கூடப் பயிருக்கு நிழலடிக்கிறது என்று வெட்டச் சொல்லி வழக்குக்குப் போகிற ஊர் இது. அந்த ஊரில் பிறந்த நாங்கள், வெயிலைப் பிடிக்கிற பலகைக்குக் கீழே வெயிலில் நெல் காயவைக்கலாம் என்று ஒன்று கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். நினைத்தால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

தை பிறந்தது. வாய்க்காலில் தாமதமாக வந்த தண்ணீரை நம்பிப் போட்ட சம்பா, எப்படியோ தப்பித்துக் கதிர் முற்றியது. அறுக்கப் போகிற நேரத்தில் மூன்று நாள் அடைமழை. வேண்டும்போது பெய்யாத வானம் இது. சாய்ந்த கதிரை மெஷினை விட்டு அறுத்தார்கள். நெல் சொதசொதவென்று வந்தது. ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேலே போனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொடமாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைக்கவும் வழியில்லை; முந்தைய வருடம் நெல்லில் சறுக்கி ஒருவர் செத்துப்போனதால் போலீஸ் விரட்டியது. காலனி மொத்தத்துக்கும் மிஞ்சியது எங்கள் மாடிதான்.

எல்லையம்மாள் சாவி வாங்க வந்தாள். "வாங்க எல்லையம்மா, உக்காருங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவர் யாரையும் 'ங்க' போடாமல் பேசமாட்டார், பொண்டாட்டியைத் தவிர. சாவியைக் கொடுத்தேன். லிப்ட் நிறைய நிறைய மூட்டை ஏறியது.

மறுநாள் சாயங்காலமே வினை தெரிந்துவிட்டது. பலகைக்கு வெளியே ஓரமாகக் கொட்டிய நெல் காய்ந்திருந்தது. பலகைக்குக் கீழே கொட்டியது போட்டது போட்டபடி ஈரம். தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். நிழலும் கூடவே நகர்ந்தது. இன்னொரு பக்கம், நெல்லைக் கிண்டக் கிண்ட, அரிப்பெடுக்கிற அந்தச் சுணைத் தூசு கிளம்பிப் பலகை மேலெல்லாம் மஞ்சளாகப் படிந்துவிட்டது. ஏற்கெனவே அந்த மூன்று நாள் மழை மூட்டத்தில் பாட்டரி அரைகுறைதான். காத்தாடியோ தை மாதக் காற்றில் சோம்பேறி மாப்பிள்ளை மாதிரி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிடும். பாட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. அதே பாட்டரியில்தான் அவ்வளவு மூட்டையும் ஏறியது.

அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரி முறை. போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து லிப்ட்டில் ஏறினோம். இரண்டாவது மாடியைத் தாண்டி ஒரு குலுக்கல், விளக்கு போனது, நின்றுவிட்டது. இருட்டு. ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் நடுவில் நானும் அவரும். அவர் மூச்சு மட்டும் கேட்கிறது. "கமலா, காத்து வரலை" என்றார். கதவை உதைத்தேன், கத்தினேன். நூர்ஜஹான் சத்தம் கேட்டு ஓடிவந்து, ஆள் கூட்டி, தியாகேசன் வந்து கையால் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறக்கும்வரை அவர் தலை என் மடியில் கிடந்தது. வேர்வை கொட்டுகிறது, கை ஜில்லென்று இருக்கிறது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அவரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு நேராக மாடிக்கு ஏறினேன். எல்லையம்மாளும் இன்னும் சில பெண்களும் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் இறங்குங்க. மாடியைப் பூட்டப் போறேன்."

"நாளைக்கும் போடணுமேம்மா. பாதி காயவே இல்ல" என்றாள் எல்லையம்மாள்.

"உன் நெல்லு காயலை. என் புருசன் செத்துப் பொழச்சி வந்துருக்காரு. உன் தூசு அந்தப் பலகையை மூடிருச்சி, உன் மூட்டை பாட்டரியைக் குடிச்சிருச்சி. அவரு இறங்க ஏற எனக்கு வேற வழி இல்ல. இறங்கு."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பலகைகளையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிலத்துக்கு அடிச்சிக்கிட்டோம். தண்ணிக்கு அடிச்சிக்கிட்டோம். இனிமே வெயிலுக்கும் அடிச்சிக்கணுமாம்மா? எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். "மூடி வச்ச ஈர நெல்லு ரெண்டு நாள்ல மொளச்சிரும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

இறங்கிப் போய்விட்டாள். நான் பூட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார். "பூட்டுச் சத்தம் கேட்டுச்சே."

"ஆமாம், பூட்டிட்டேன்."

"அது நம்ம மாடி இல்ல கமலா. அறுப்பு முடியிற வரைக்கும் அது அவங்க களம். தொற."

"களமாவது கத்தரிக்காயாவது! நீங்க லிப்ட்டுல கெடந்த கெடப்பை நான் பாத்தேன். நீங்க பாக்கலை."

"தொற."

"மாட்டேன்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். கரண்ட் இல்லாததால் அது சும்மா தொங்கியது. பிறகு மேடையில் பேசுகிற குரலில் நிதானமாகச் சொன்னார்: "அப்ப நான் நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்கி வரலை. களம் தொறக்குற வரைக்கும் வரலை. பூட்டுன மாடியில புடிச்ச வெயில்ல ஓடுற லிப்ட்டுல நான் ஏற மாட்டேன்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ரயிலை மறித்தார், பல்லக்கை மறித்தார், பொக்லைனை மறித்தார். மறிக்க வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் பொண்டாட்டியை மறிக்கிறார்! "பண்ணுங்க, பண்ணுங்க. யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். போன பிறகுதான் உறைத்தது. அந்த மனுசன் சொன்னால் செய்வார். மறியலில் உட்கார்ந்து, பாதியில் எழுந்து வந்ததாக அவர் சரித்திரத்திலேயே இல்லை.

மறுநாள் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தார், மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். ஆனால் வாயைத் திறந்தால் "தொற" என்ற ஒரு சொல்தான். நூர்ஜஹான் வந்து, "அண்ணே, உயிரை வச்சி வெளையாடாதீங்க" என்று கெஞ்சினாள். "என்னோடது ஒரு உயிரும்மா. அங்க மொளச்சிக்கிட்டுக் கெடக்குறது இருவது வீட்டுச் சோறு" என்றார். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை. லிப்ட்டில் பட்ட பாடோ என்னவோ, முறை தவறுவதற்கு முன்பே அன்று சாயங்காலம் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரி முறை மறுநாள் பதினோரு மணிக்கு. விடிந்ததும் எழுப்பினேன். உட்காரும்போதே மூச்சு இரைத்தது. முகம் உப்பிக் கண் சிறுத்துப்போயிருந்தது. "கரண்ட் இருக்கு. இப்பவே இறங்கிருவோம், வாங்க" என்றேன். அவர் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, உங்க கால்ல விழுறேன்" என்றேன். உண்மையிலேயே விழுந்தேன். அந்த வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்னு ஒரு நிமிசம் யோசிச்சீங்களா? ஊருக்கெல்லாம் யோசிச்சீங்களே, எனக்கு யாரு யோசிக்கிறது?" என்று கதறினேன்.

அவர் கண்ணிலும் தண்ணீர். என் தலையைத் தடவினார். "களத்தை வித்தவன்னு பேரு வாங்கிக்கிட்டுப் போகச் சொல்றியா கமலா?" என்றார். மேடைக் குரல் இல்லை அது. நான் அதுவரை அவரிடம் கேட்காத குரல்.

எழுந்து சாவியை எடுத்தேன். தோற்றுவிட்டேன், வேறென்ன?

மாடிக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. தார்ப்பாயை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி கொதித்தது குவியல். அங்கங்கே வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. எல்லாம் போகவில்லை. அன்றைக்குக் காய்ந்தால் முக்கால்வாசி பிழைக்கும். எல்லையம்மாளுக்கு போன் செய்தேன், ஆட்களோடு ஓடிவந்தாள். தியாகேசனையும் வரச்சொன்னேன்.

"பலகையைக் கழட்டு" என்றேன்.

"அத்தை, கழட்டுனா, கரண்ட் போற நேரத்துல லிப்ட்டு ஓடாது. மாமாவுக்கு இன்னைக்கி ஆஸ்பத்திரி வேற."

"தெரியும். கழட்டு. நிழலு விழுற எல்லாத்தையும் கழட்டு. அறுப்பு முடிஞ்சி மாட்டிக்கலாம்."

எல்லையம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு குவியலைக் கலைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பலகையாக இறங்க இறங்க, தரையில் வெயில் விழுந்த இடத்திலெல்லாம் நெல் பரவியது. காலனியில் ரோட்டோரம் இன்னும் கொஞ்சம் ஈர நெல் கிடந்தது, அதையும் கொண்டுவரச் சொல்லிவிட்டாள். அதற்குள் ஒன்பது மணி ஆகி, சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போய்விட்டது. பாட்டரியில் ஒரு சொட்டு இல்லை.

கீழே வந்து அவரிடம், "தொறந்துட்டேன். பலகையையும் கழட்டிட்டேன். லிப்ட்டு கிடையாது. இப்ப எப்படி இறங்குவீங்களோ நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மேலே நெல் தள்ளுகிற சத்தம் கூரை வழியாகக் கேட்டது. அதைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, "வேட்டியை எடு. நடந்து இறங்குவேன்" என்றார்.

ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு படி, ஒரு மூச்சு. இன்னொரு படி, இரண்டு மூச்சு. முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுப்பி நிறுத்தினேன். மறுபடி இறங்கினோம். அவர் பாரம் முழுக்க என் தோளில். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது என்பதை யாரிடம் சொல்ல?

மூன்றாவது மாடியைத் தொடுவதற்குள், கீழேயிருந்து தடதடவென்று காலடிச் சத்தம் ஏறி வந்தது. ரோட்டோர நெல்லைக் காலனிப் பெண்கள் தலைச்சுமையாகவே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தது ஒரு சின்னப் பெண், எல்லையம்மாள் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள். சாக்கின் ஈரம் முகத்தில் வழிய, சுணை ஒட்டிய கழுத்தைத் திருப்பக்கூட முடியாமல் வந்தவள், நாங்கள் படியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"யாரு நடுவுல நிக்கிறது? ஒதுங்குங்க பெருசு, மூட்டை வருதுல்ல!"

எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. இந்த மாடியை இவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர், இவர்கள் நெல்லுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்கிறவர், பெருசா? "ஏ பொண்ணு, இவரு யாருன்னு தெரியு..." என்று ஆரம்பித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி. ஈரச் சாக்கு அவர் சட்டையில் உரசி மஞ்சளாகக் கறை வைத்துக்கொண்டு போனது. எல்லோரும் போன பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நெஞ்சு வலிக்கிறதோ என்று பதறி முகத்தைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா வரப்புல நடந்து வருவாருடி" என்றார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "எதிர்ல தலைச்சுமையோட வர்றவங்க அவரைப் பாத்ததும் சேத்துல எறங்கி நிப்பாங்க. முழங்கால் சேறு. புள்ளத்தாச்சியா இருந்தாலும் எறங்கித்தான் நிக்கணும். நான் அவரு வேட்டியப் புடிச்சிக்கிட்டுப் பின்னாடியே போயிருக்கேன். எறங்கி நின்னவங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே போயிருக்கேன்."

கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"இந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியல. எங்கப்பனையும் தெரியல. ஒதுங்குன்னுச்சு, பாத்தியா? எத்தனை மேடையில பேசுனேன். நடந்துச்சா நடக்கலையான்னு தெரியாமயே போயிருவனோன்னு இருந்துச்சு கமலா."

எனக்குக் கோபம் தணியவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, சந்தோஷமாக அழுகிறார். எனக்கு வேண்டியது இந்த மனுசன் மட்டும்தான். அது கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் கண்ணை என் முந்தானையால் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது.

கீழேயிருந்து மறுபடி காலடிச் சத்தம். யாரோ இரண்டு பேர் மூட்டையோடு ஏறி வந்தார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் அவரை இழுத்து அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். அவர்கள் போனதும், "எந்திரிங்க, இன்னும் மூணு மாடி இருக்கு" என்றேன்.